நில விற்பனையும் வழியுரிமையும்: காப்பீடு எதுவரை காக்கும்?

நிலத்தை விலை கொடுத்து வாங்குபவர் இரண்டு உறுதிகளை நாடுகிறார். அந்நிலம் விற்பவருக்கே உரியது என்பது முதலாவது. அந்நிலத்திற்குத் தடையின்றிப் போய்வர வழி உண்டு என்பது இரண்டாவது. முன்னதை உரிமைமூலம் என்றும் பின்னதை வழியுரிமை என்றும் குறிப்பிடலாம். கிரயப் பத்திரம் எழுதும் வேளையில் பெரும்பாலோர் முதலாவதைப் பற்றியே விசாரிக்கின்றனர். இரண்டாவதில் உள்ள குறை உழவுக்கு டிராக்டரைக் கொண்டு செல்லும் நாளிலோ, வீடு கட்டச் செங்கல் இறக்கும் நாளிலோதான் வெளிப்படுகிறது. அப்போது பணம் கைமாறி முடிந்திருக்கும்.

இவ்விரு குறைகளாலும் ஏற்படும் இழப்பை ஈடுசெய்ய மேலை நாடுகளில் உரிமைமூலக் காப்பீடு என்னும் ஏற்பாடு வளர்ந்துள்ளது. நமது நாட்டிலும் சட்டம் அதற்கு இடம் அளித்துள்ளது. ஆயினும் ஏட்டில் இல்லாத ஒரு பாதையைக் காப்பீட்டால் உண்டாக்கிவிட முடியுமா என்ற கேள்வி எழுகிறது. ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர், திருப்பதி பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்வது பயனுள்ளதாகும்.

பல அடுக்கு ஆவணங்கள்

சித்தூர் மாவட்டம் 1911 ஏப்ரல் 1 அன்று சென்னை மாகாணத்தில் உருவாக்கப்பட்டது. வட ஆற்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகள் அதில் இணைந்தன. அரசுக்கு நேரடியாக வரி செலுத்திய ரயத்துவாரி கிராமங்களும், புங்கனூர், கார்வேட்நகர், காளஹஸ்தி போன்ற ஜமீன்களுக்கு உட்பட்ட கிராமங்களும் இம்மாவட்டத்தில் இருந்தன. 1948-ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தால் ஜமீன்கள் முடிவுற்றன. இனாம் நிலங்களை ரயத்துவாரியாக மாற்ற 1956-இல் தனிச் சட்டம் வந்தது. 1953-இல் ஆந்திர மாநிலமும் 1956-இல் ஆந்திரப் பிரதேசமும் அமைந்தன. 1960 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த எல்லை மாற்றத்தின்படி திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்திற்கும், சத்தியவேடுப் பகுதி ஆந்திரத்திற்கும் சென்றன. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமாயிற்று.

இந்த வரலாறு நில ஆவணங்களிலும் பதிந்துள்ளது. ஒரே நிலத்திற்குப் பழைய பைமாஷ் எண் ஒன்றும், அளவைக்குப் பிந்திய சர்வே எண் மற்றொன்றும் இருக்கக்கூடும். மூலப் பத்திரம் தமிழிலும், பின்னர் வந்தவை தெலுங்கிலும் இருக்கலாம். எல்லை மாற்றத்திற்கு முந்திய பதிவுகளை எந்த அலுவலகத்தில் தேடுவது என்பதையும் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இவற்றுடன் 'சுக்கல பூமுலு' எனப்படும் புள்ளி நிலங்களும் உள. மறுநிர்ணயப் பதிவேட்டில் பட்டாதாரர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புள்ளி இடப்பட்ட நிலங்கள் இவை. இக்குறையை நீக்கும் பொருட்டு ஆந்திர அரசு 2017-இல் ஒரு சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

பதிவு என்பது உரிமைக்கு உத்தரவாதம் அன்று

1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் பத்திரத்தைப் பதிவு செய்கிறதேயன்றி, உரிமைமூலத்திற்கு உறுதி அளிப்பதில்லை. பத்திரம் எழுதிக் கொடுப்பவர் உண்மையான உரிமையாளர்தாமா என்று முடிவு செய்வது சார்பதிவாளரின் பொறுப்பன்று. பட்டாவும் அடங்கலும் வரி வசூலுக்காகத் தோன்றிய கணக்குகள். வருவாய்த் துறைப் பதிவு மட்டுமே உரிமையைத் தராது என்பதை உச்ச நீதிமன்றம் பலமுறை வலியுறுத்தியுள்ளது. ஆந்திராவின் 1971-ஆம் ஆண்டுப் பட்டாதாரர் பாஸ் புத்தகச் சட்டமும், உரிமைப் பதிவேட்டின் குறிப்புகளை மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை உண்மை எனக் கொள்ளலாம் என்ற அளவிலேயே நிற்கிறது.

விற்கத் தடையுள்ள நிலங்களையும் கவனத்திற் கொள்ள வேண்டும். நிலமற்ற ஏழைகளுக்கு ஒப்படைக்கப்பட்ட நிலங்களின் கைமாற்றத்தை 1977-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. பின்னர் அச்சட்டம் திருத்தங்களுக்கு உள்ளாயிற்று. அரசு நிலங்கள், அறநிலைய நிலங்கள், வக்பு நிலங்கள் முதலியவற்றைப் பதிவு செய்ய இயலாதவாறு பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு ஆந்திராவில் 2007-இல் புதிதாக வகுக்கப்பட்டது. கோயில்களும் மடங்களும் நிறைந்த திருப்பதிப் பகுதியில் இப்பிரிவின் முக்கியத்துவத்தை விளக்க வேண்டுவதில்லை. தடைப் பட்டியலில் சர்வே எண் உள்ளதா என்று பாராமல் முன்பணம் கொடுப்பது ஆபத்தானது.

இவையெல்லாம் முதல் உறுதி பற்றியவை. இவை அனைத்தும் சரியாக இருந்தாலும் இரண்டாவது உறுதி கிடைத்துவிட்டதாகப் பொருளில்லை. வில்லங்கச் சான்று பதிவான பத்திரங்களையே காட்டும். பக்கத்து நிலத்தின் வரப்பின் மேல் நடந்து செல்லும் உரிமை பத்திரத்தில் எழுதப்படவில்லையெனில், அது அச்சான்றில் இடம் பெறாது.

வழியுரிமை பிறக்கும் முறைகள்

1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைகள் சட்டம் தொடக்கத்திலேயே சென்னை மாகாணத்திற்குப் பொருந்தியது. ஒரு நிலத்தை நன்கு அனுபவிக்கும் பொருட்டு, பிறருக்குரிய மற்றொரு நிலத்தின் மேல் அதன் உரிமையாளருக்கு உள்ள உரிமையே வசதியுரிமை என்று இச்சட்டம் வகுக்கிறது. எனவே இவ்வுரிமைக்கு எப்போதும் இரு நிலங்கள் வேண்டும்: ஒன்று பயன்பெறும் நிலம், மற்றொன்று பாரம் சுமக்கும் நிலம். உரிமை நிலத்தோடு ஒட்டியது. நிலத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு பாதையுரிமையை மட்டும் வேறொருவருக்கு விற்க முடியாது. நிலம் விற்கப்படும்போது, மாறான கருத்து வெளிப்படாவிடில், அதனோடு ஒட்டிய வசதியுரிமையும் உடன் செல்லும்.

வழியுரிமை முக்கியமாக மூன்று வகைகளில் பிறக்கிறது.

முதலாவது, கொடையால் அல்லது உடன்படிக்கையால் வருவது. பத்திரத்தில் பாதையை எழுதித் தருவது இவ்வகையாகும். இதன் எல்லையைப் பத்திரத்தின் வாசகமே தீர்மானிக்கும். இவ்வாறு வந்த உரிமை, வேறு பாதை கிடைத்துத் தேவை நீங்கிவிட்டது என்ற காரணத்தால் மட்டும் அழிந்துவிடாது என்று தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-இல் தீர்ப்பளித்தது.

இரண்டாவது, இன்றியமையாமையால் வருவது. ஒருவருக்குச் சொந்தமாக இருந்த நிலம் விற்பனையாலோ பாகப்பிரிவினையாலோ பிரியும்போது, ஒரு பகுதிக்கு மறு பகுதியின் வழியாகவன்றி வேறு வழியே இல்லையெனில், சட்டமே பாதையை அளிக்கிறது. ஆனால் வசதிக் குறைவு மட்டும் இன்றியமையாமை ஆகாது. சுற்றுவழி ஒன்று இருந்தால் இவ்வுரிமை கிடைப்பது அரிது. பாதை எந்தப் பக்கமாகச் செல்ல வேண்டும் என்று வகுத்துக் காட்டும் உரிமையும் பாரம் சுமக்கும் நிலத்தின் உரிமையாளருக்கே உண்டு. அது நியாயமான வசதியுடன் இருந்தால் போதும். தேவை நீங்கினால் இவ்வுரிமையும் நீங்கும்.

மூன்றாவது, நெடுங்கால அனுபோகத்தால் வருவது. அமைதியாகவும், வெளிப்படையாகவும், உரிமையாகக் கருதியும், இடையீடின்றியும் இருபது ஆண்டுகள் அனுபவித்திருக்க வேண்டும். அரசு நிலமாயின் முப்பது ஆண்டுகள். வழக்குத் தொடுப்பதற்கு முந்திய இரண்டு ஆண்டுகளுக்குள் அக்காலம் முடிவடைந்திருக்கவும் வேண்டும். தந்தை காலத்திலிருந்து நடந்துவந்த பாதையானாலும், மறுக்கப்பட்டால் சாட்சிகளைக் கொண்டு நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டிய நிலை ஏற்படுகிறது.

இம்மூன்றிலும் சேராதது அனுமதி. 'போய்வாருங்கள், நான் தடுக்கவில்லை' என்று பக்கத்து நிலக்காரர் கூறுவது இதுவேயாகும். கிராமங்களில் பல பாதைகள் இந்த நல்லெண்ணத்தின் மேல்தான் நிற்கின்றன. அனுமதி பொதுவாக எப்போது வேண்டுமாயினும் விலக்கிக் கொள்ளத்தக்கது. அனுமதி அளித்தவர் தம் நிலத்தை விற்றுவிட்டால், வாங்கியவரை அவ்வனுமதி கட்டுப்படுத்துவதில்லை. ஆகவே, பாதை இருக்கிறதா என்று பார்ப்பது போதாது. அது உரிமையா அனுமதியா என்று கேட்பதே முக்கியம்.

பாகப்பிரிவினையில் தோன்றும் குறை

வழியுரிமைத் தகராறுகள் பலவற்றின் தோற்றுவாய் குடும்பப் பாகப்பிரிவினையே ஆகும். ஒரு கற்பனை உதாரணத்தால் இதனை விளக்கலாம். சித்தூர் அருகே சாலையோரம் 6 ஏக்கர் மாந்தோப்பு உள்ளது எனக் கொள்வோம். சாலையை ஒட்டிய அகலம் 330 அடி, உள்நோக்கிய நீளம் 792 அடி. மூன்று சகோதரர்கள் இதனைச் சாலையோரம், நடு, கடைசி என்று தலைக்கு 2 ஏக்கராகப் பிரித்துக் கொள்கின்றனர். மூவரும் ஒற்றுமையாக இருக்கும் வரையில் வண்டி எல்லாப் பாகங்களின் வழியாகவும் செல்லும். பத்திரத்தில் பாதை எழுதப்படுவதில்லை.

பின்னர் சாலையோரப் பாகம் வெளியாருக்கு விற்கப்பட்டு, அவர் கம்பிவேலி இடுகிறார். மாங்காய்ப் பருவத்தில் கடைசிப் பாகத்துக்காரர் காய்களைத் தலைச்சுமையாகக் கொண்டுவர வேண்டியதாகிறது. அவர் விற்க முனைந்தாலும் பாதையில்லா நிலத்திற்கு வாங்குவோர் குறைவு. யாருக்கு அந்த நிலம் உண்மையில் பயன்படுமோ, அந்தப் பக்கத்து நிலக்காரரே விலை கூறுபவர் ஆகிறார். பொருளாதார நோக்கில் இது ஒரே ஒரு வாங்குபவர் உள்ள சந்தையாகும். நிலத்தின் விளைதிறன் குறையவில்லை. பேரம் பேசும் வலிமையே குறைந்துவிட்டது. இந்த நிலையில் பெரும்பாலும் சிக்குபவர்கள் சிறு விவசாயிகளும், பாகத்தில் பின்பகுதியைப் பெற்ற பெண்களும், கடனை அடைக்க அவசரமாக விற்க நேர்ந்தவர்களுமே ஆவர்.

தொடக்கத்திலேயே பாதையை ஒதுக்கியிருந்தால் ஆகும் செலவு என்ன? 12 அடி அகலத்தில், முன்னிரு பாகங்களையும் கடந்து செல்லும் 528 அடி நீளப் பாதைக்கு 6,336 சதுர அடி வேண்டும். இது ஏறத்தாழ பதினான்கரை சென்ட். மொத்த நிலத்தில் நூற்றுக்கு இரண்டரை பங்குகூட இல்லை. இந்த இழப்பை மூவரும் சமமாக ஏற்றால் ஒருவருக்கு ஐந்து சென்டுக்கும் குறைவே. அல்லது நிலத்தை 110 அடி அகலமுள்ள மூன்று நீண்ட பட்டைகளாகப் பிரித்தால், மூன்றும் சாலையைத் தொடும், பாதையே தேவையில்லை. அப்போது பொதுக் கிணற்றுக்குச் செல்லும் வழியையும் வாய்க்காலையும் மட்டும் எழுதிக்கொண்டால் போதும்.

விளைநிலம் மனையாகும்போது

திருப்பதி, ரேணிகுண்டா, ஏர்ப்பேடு, சத்தியவேடு வட்டாரங்களில் கல்வி நிறுவனங்களும் தொழிற்பேட்டைகளும் வந்தபின் விளைநிலங்கள் மனைகளாக மாறி வருகின்றன. இங்கு சட்டத்தின் மற்றொரு விதி குறுக்கிடுகிறது. இன்றியமையாமையால் வந்த உரிமை, அது பிறந்த காலத்தில் இருந்த தேவையின் அளவே உடையது. பயன்பெறும் நிலத்தில் மாற்றம் செய்து பாரத்தை அதிகமாக்கவும் முடியாது. ஓர் உழவரின் வண்டி செல்ல ஏற்பட்ட பாதையின் வழியாக முப்பது வீடுகளுக்கு லாரிகள் செல்வதைப் பக்கத்து நிலக்காரர் எதிர்க்கக்கூடும். மனைப்பிரிவிற்கு ஒப்புதல் தரும் அதிகாரிகளும் உரிய அகலமுள்ள அணுகுசாலையை வேண்டுவர். எனவே விளைநிலமாக வாங்கும்போது போதுமானதாகத் தோன்றும் பாதை, மனையாக்கும்போது போதாததாகிவிடும்.

நெடுஞ்சாலைகளும் இதே பாடத்தைப் புகட்டுகின்றன. சித்தூர் மாவட்டத்தின் ஊடாக அமையும் பெங்களூரு–சென்னை விரைவுச்சாலை போன்றவற்றில், குறிப்பிட்ட இடங்களிலன்றி நுழைய இயலாது. 2002-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி நெடுஞ்சாலைக்கு வழி திறக்க அனுமதி பெற வேண்டும். 'நெடுஞ்சாலையை ஒட்டிய நிலம்' என்ற விளம்பரம் பார்வைக்கு அருகாமையைக் காட்டுமேயன்றி வழியைக் காட்டாது.

உரிமைமூலக் காப்பீடு

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், முந்தைய தீர்ப்புக் கடன் ஒன்றால் நிலம் வாங்கியவர் பணத்தை இழந்தார். நல்லெண்ணத்துடன் சட்ட ஆலோசனை பெற்றே ஆவணங்களைப் பரிசீலித்த முகவரைப் பொறுப்பாக்க முடியாது என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 1868-இல் தீர்ப்பளித்தது. குற்றம் யாருடையதும் அல்ல, ஆயினும் இழப்பு வாங்கியவருடையது என்ற இந்நிலைக்கு விடையாக, 1876-இல் பிலடெல்பியாவில் முதல் உரிமைமூலக் காப்பீட்டு நிறுவனம் தோன்றியது.

ஆயுள் காப்பீடும் தீக் காப்பீடும் வருங்கால நிகழ்ச்சிக்கு ஈடு தருபவை. உரிமைமூலக் காப்பீடோ கடந்த காலத்தில் நிகழ்ந்து, இன்று மறைந்துள்ள குறைக்கு ஈடு தருவது. போலிக் கையெழுத்து, விடுபட்ட வாரிசு, பதிவேட்டுப் பிழை முதலியன இதில் அடங்கும். பிரிமியம் பொதுவாக வாங்கும்போது ஒருமுறை செலுத்தப்படுகிறது. நிறுவனம் முன்கூட்டியே ஆவணங்களைத் தேடி, கண்ட குறைகளை விலக்குகளாகப் பட்டியலிட்டு, காணாத குறைகளுக்கே பொறுப்பேற்கிறது.

அமெரிக்க உரிமையாளர் பாலிசிகளில் நிலத்திற்குச் செல்லும் வழியுரிமை இல்லாமையும் காப்பீட்டிற்கு உட்பட்ட இடர்களுள் ஒன்று. ஆனால் அது சட்டப்படி வழி உண்டு என்பதற்கே உறுதி. அந்த வழி அகலமானது, வாகனம் செல்லத் தக்கது என்பதற்கு உறுதியன்று. பொதுப் பதிவேட்டில் காணப்படாத வசதியுரிமைகளும், அளவையால் மட்டுமே வெளிப்படும் குறைகளும் வழக்கமாக விலக்கப்படுகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, காப்பீடு பணத்தைத் தரும், பாதையைத் தராது. நடந்து செல்ல வழியற்ற உழவருக்கு ஈட்டுத் தொகை ஓர் ஆறுதலே.

நமது நாட்டில் 2016-ஆம் ஆண்டின் வீட்டுமனை ஒழுங்குமுறை மற்றும் வளர்ச்சிச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, அரசு அறிவிக்கை செய்யும் காப்பீடுகளை மனைத்திட்ட மேம்பாட்டாளர் எடுக்க வேண்டும் என்கிறது. நிலத்தின் உரிமைமூலமும் அவற்றுள் ஒன்று. 18-ஆம் பிரிவின்படி, உரிமைமூலக் குறையால் மனை பெற்றவருக்கு ஏற்படும் இழப்பை மேம்பாட்டாளர் ஈடுசெய்ய வேண்டும். இக்கோரிக்கைக்குக் காலவரம்புத் தடையும் இல்லை. இது பெரிய பாதுகாப்பாகும். ஆயினும் பதிவு செய்யப்பட வேண்டிய மனைத்திட்டங்களுக்கே இது பொருந்தும். இரு உழவர்களுக்கிடையே நடைபெறும் 2 ஏக்கர் விற்பனையில், 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டமே துணை. தாம் அறிந்ததும், வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டறிய முடியாததுமான முக்கியக் குறையை விற்பவர் வெளியிட வேண்டும் என்று அதன் 55-ஆம் பிரிவு கூறுகிறது. நேரில் சென்று பார்த்திருந்தால் பாதையில்லை என்று தெரிந்திருக்குமாயின், பின்னர் முறையிடுவது கடினம். கண்ணுக்குத் தெரியும் பாதை வெறும் அனுமதியே என்பதை விற்பவர் மறைத்திருந்தால் நிலை வேறு.

அரசு உத்தரவாதமும் அதன் முன்நிபந்தனையும்

உரிமைமூலத்திற்கு அரசே உறுதி அளிப்பது மற்றொரு வழி. 1858-இல் தென் ஆஸ்திரேலியாவில் டோரன்ஸ் தொடங்கிய முறை இதுவே. இந்தியாவிலும் இத்தகைய முறை வேண்டும் என்று திட்டக் கமிஷனுக்காக டி.சி. வாத்வா 1989-இல் பரிந்துரைத்தார். 2008-இல் தொடங்கிய தேசிய நில ஆவண நவீனமயத் திட்டம், பின்னர் டிஜிட்டல் இந்தியா நில ஆவண நவீனமயத் திட்டம் எனப் பெயர் பெற்றது. பதிவேடு உண்மை நிலையைக் கண்ணாடி போல் காட்டுதல், பழைய பத்திரங்களைத் தேடும் தேவை நீங்குதல், தவறுக்கு ஈடு தருதல் ஆகியன இம்முறையின் அடிப்படைகள்.

ஆந்திராவில் 2020 டிசம்பரில் நிலங்களின் மறுஅளவை தொடங்கப்பட்டது. உரிமைமூலச் சட்டம் 2023 அக்டோபர் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. தகராறுகள் உரிமையியல் நீதிமன்றங்களிடமிருந்து அலுவலர்களிடம் செல்லும் என்ற எதிர்ப்பு எழுந்தது. 2024 ஜூலையில் சட்டமன்றம் அதனை நீக்கும் மசோதாவை நிறைவேற்றியது. பதிவேட்டின் மேல் மக்களுக்கு நம்பிக்கை ஏற்படும் முன்னர் பதிவேட்டிற்கு இறுதித் தன்மை அளிப்பது எளிதன்று என்பதை இவ்வனுபவம் காட்டுகிறது.

வழியுரிமையைப் பொறுத்தவரை, சில மாநிலங்களின் ஏற்பாடுகள் கவனிக்கத்தக்கவை. மகாராஷ்டிராவின் 1966-ஆம் ஆண்டு நில வருவாய்ச் சட்டத்தின் 143-ஆம் பிரிவின்படி, பிற சர்வே எண்களின் எல்லைகளின் மேல் உழவர் கோரும் பாதையைத் தாசில்தார் விசாரித்து முடிவு செய்யலாம். மத்தியப் பிரதேசத்தின் 1959-ஆம் ஆண்டுச் சட்டமும், வழக்காற்றின் அடிப்படையில் பாதைத் தகராறுகளைத் தீர்க்கத் தாசில்தாருக்கு அதிகாரம் அளிக்கிறது. நீதிமன்றத்தை நாடும் உரிமை இவற்றால் பறிபோவதில்லை. ஆனால் அறுவடைக் காலம் தவறுவதற்குள் ஒரு முடிவு கிட்டும்.

செய்ய வேண்டுவன

நிலம் வாங்குவோர் ஐந்து வினாக்களுக்கு விடை காண்பது நன்று. கிராம வரைபடத்திலும் புல அளவைப் படத்திலும் பாதை காட்டப்பட்டுள்ளதா? அப்பாதை புறம்போக்கா, தனியார் நிலமா? தனியார் நிலமாயின், அந்நிலக்காரரின் பத்திரத்திலும் பாதை எழுதப்பட்டுள்ளதா? அதன் அகலமும் பயனும் குறிப்பிடப்பட்டுள்ளனவா? இன்று யாரேனும் அதனை மறுக்கின்றனரா? மூன்றாவது வினாவே பெரும்பாலும் விடுபடுவது. விற்பவரின் பத்திரத்தில் மட்டும் 'பாதை பாத்தியதை உட்பட' என்று எழுதுவதால், பாரம் சுமக்க வேண்டிய நிலக்காரர் கட்டுப்பட்டுவிட மாட்டார்.

பத்திரம் எழுதுவோர் 'மாமூல் வண்டிப்பாதை' என்று பொதுவாக எழுதுவதை விடுத்து, சர்வே எண், திசை, நீளம், அகலம், எந்தெந்த வாகனங்கள் செல்லலாம் என்பன அடங்கிய வரைபடத்தை இணைப்பது நலம். சம்பந்தப்பட்ட நிலக்காரர் அனைவரும் கையொப்பமிட்டுப் பதிவு செய்துவிட்டால், பிற்கால வில்லங்கச் சான்றில் அது இடம் பெறும்.

அலுவலர்களின் பங்கு இன்னும் பெரிது. உட்பிரிவு செய்யும் ஒவ்வொரு முறையும், புதிதாகத் தோன்றும் துண்டிற்கு வழி உண்டா என்று நில அளவர் குறித்துக்கொள்ளலாம். மறுஅளவையின்போது எல்லைக் கற்களோடு, மக்கள் பயன்படுத்தும் பாதைகளையும் வாய்க்கால்களையும் வரைபடத்தில் பதிந்து, ஊரார் முன்னிலையில் ஆட்சேபணை கேட்கலாம். 14 இடங்கள் கொண்ட தனி அடையாள எண் நிலத்திற்கு அளிக்கப்படும் இக்காலத்தில், அந்த எண்ணோடு அதன் வழியுரிமையையும் இணைப்பது தொழில்நுட்பத்தால் இயலாததன்று.

காப்பீடும் அரசு உத்தரவாதமும் பதிவேட்டின் மேல் எழுப்பப்படும் கட்டடங்கள். பதிவேட்டில் பாதை இல்லையெனில், காப்பீட்டு நிறுவனம் அதனை விலக்காக எழுதும். அரசும் அதற்கு உறுதி கூற இயலாது. அண்ணன் தம்பிகளும் அண்டை அயலாரும் நல்லுறவோடு இருக்கும்போதே பாதையை அளந்து எழுதிக்கொள்வதற்கு ஆகும் செலவு, சில சென்ட் நிலமும் ஒரு வரைபடமுமே. சிறு விவசாயிக்கு இதனினும் மலிவான காப்பீடு வேறில்லை.